எழுப்பிய மண்

அந்த ஊர்க்காரர்கள் வாயைத் திறந்தால் மண் இல்லாமல் ஒரு பேச்சு கிடையாது. பையன் பரீட்சையில் தோற்றால் மண்ணைக் கவ்விட்டான். கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் மண்ணாங்கட்டி. மருமகன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் மண்ணு மாதிரி. கடைக்காரன் எடையில் ஏமாற்றினால் கண்ணுல மண்ணைத் தூவிட்டான். செத்தவனைப் பற்றிக்கூட, "மண்ணோட மண்ணாப் போயிட்டான், அவனைப் பத்தி இப்ப எதுக்கு?" என்று ஆரம்பித்து, சாயங்காலம் வரை அவனைப் பற்றித்தான் பேசுவார்கள். இவ்வளவு பேசுகிறவர்கள், ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து வயல்களின் மேல் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போன அன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. மேட்டில் நின்று பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அதுவாவது நல்ல மணலா என்றால் அதுவும் இல்லை. கட்டடம் கட்டுகிறவர் ஒருவர் வண்டியோடு வந்தார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார், நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பினார். "சேறு கலந்திருக்கு. பூச்சு நிக்காது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஆறுகூட ஏழைக்குக் கொடுக்கும்போது கழித்துப் போட்டதைத்தான் கொடுக்கிறது என்று சின்னவள் நினைத்தாள்.

சின்னவள் என்றால் அந்த வீட்டின் இளைய மருமகள். அண்ணன் தம்பி இருவர். அப்பா இருந்தவரை ஒரே அடுப்பு. அவர் போனதும் வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் வந்தது, வயலுக்கு நடுவில் ஒரு வரப்பு வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் சின்னவனும் சின்னவளும். அந்தப் பக்கம் பெரியவனும் பெரியவளும். வயலில் மேற்குத் துண்டு பெரியவனுக்கு, கிழக்குத் துண்டு சின்னவனுக்கு. இரண்டும் நீளமாகவும் ஒல்லியாகவும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். வயலில் இரண்டு நாவல் மரங்கள் உண்டு. ஒன்று நடு வரப்பின் மேல். இன்னொன்று பெரியவனுடைய மேற்குக் கரையில். நடு வரப்பில், மரத்துக்குப் பக்கத்தில், அப்பா காலத்தில் நட்ட ஒரு கல்லும் இருந்தது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மரம் இருக்கும்போது கல்லை எவன் பார்ப்பான்?

வெள்ளத்துக்கு முந்தின அறுவடையின்போது இரண்டு வீட்டுக்கும் பெரிய சண்டை. வரப்பு ஒல்லியாகிக்கொண்டே போவதைச் சின்னவள் கவனித்துவிட்டாள். நேராகப் போய் பெரியவளின் வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி கத்தினாள். "வருஷா வருஷம் வரப்பைச் சுரண்டிச் சுரண்டி எங்க மண்ணைத் தின்னுட்டீங்க! வயித்துக்கு ஒத்துக்குமா அது?" பெரியவளும் லேசுப்பட்டவள் இல்லை. கையிலிருந்த துடைப்பத்தைக்கூடக் கீழே போடாமல் வெளியே வந்து, "மண்ணு மண்ணுன்னு பேயா அலையறியே, அந்த மண்ணே உன் தலையில விழட்டும்டி!" என்றாள்.

அடுத்த மழைக்கு விழுந்தது. ஆனால் ஆறு வரப்பு பார்த்து விழவில்லை. சின்னவள் நிலத்தில் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம்தான் பெரியவள் நிலத்திலும். அன்றிலிருந்து பெரியவள் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டாள். பெரியவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான், வயலைப் போய்ப் பார்க்கவே இல்லை. நடுச்சுவர் வழியாக அவனுடைய இருமல் மட்டும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

சின்னவன் வேறு மாதிரி. அவனுக்குப் படுத்துக்கொள்ளவும் தெரியாது, நிமிர்ந்து நிற்கவும் தெரியாது. டவுனில் ஒரு சிமெண்டு குடோனில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்தான்.

"பின்னாடி ஒரு ரூம் தராங்க. கதவைப் பூட்டிட்டுப் போயிடலாம்" என்றான்.

"வயலு?"

"எந்த வயலு? அங்க எங்க வயலு இருக்கு?"

"மணலுக்கு அடியில இருக்கு. எங்கயும் எழுந்து போயிடலை."

அப்போது சின்னவள் கொல்லையில் குந்தியிருந்தாள். பரணில் தகரடப்பாவில் வைத்திருந்த மிளகாய் விதையை வெள்ளம் தொடவில்லை. பிளந்த டிரம், ஓட்டை பக்கெட், கைப்பிடி போன தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் கொல்லை மண்ணை நிரப்பி விதையைத் தூவியிருந்தாள். அவை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தன. அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த நாத்து நடற பதத்துக்கு வரட்டும். அதுக்குள்ள இதை நடற அளவுக்கு மண்ணை வெளியே எடுத்துட்டோம்னா இருக்கறோம். எடுக்க முடியலைன்னா நானே கதவைப் பூட்டிச் சாவியை உங்க கையில தரேன். அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீ பேச மாட்டியா?" என்றான் சின்னவன். அந்த நாள்களில் அவன் சிரித்தது அதற்கு மட்டும்தான். சம்மதித்தான்.

டிராக்டர்காரர் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வயலில் இறங்கியதும் முன்சக்கரம் புதைந்து, இன்னொரு டிராக்டர் வந்து அதை இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஆகவே கைதான். எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்பதில் முதல் நாளே வாக்குவாதம். வரப்பு எதுவும் தெரியவில்லை, எல்லாம் ஒரே வெளுப்பு. இரண்டு நாவல் மரங்களில் ஒன்றை ஆறு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்தது கிளைகள் பல முறிந்து, அடிமரம் மணலில் புதைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"இது நம்ம மரம் மாதிரி தெரியலையே" என்றான் சின்னவன். "நம்ம மரத்தடியில நின்னா ஊர்த் தண்ணித் தொட்டி அந்தத் தோப்புக்கு இந்தப் பக்கம் தெரியும். இங்க அந்தப் பக்கமா தெரியுது."

"தோப்பே போயிடுச்சு. இல்லாத தோப்புக்கு எந்தப் பக்கம்ங்கறீங்க?"

"அதுவும் சரிதான். இருந்தாலும்…"

"இருந்தாலும் மண்ணாங்கட்டி. இந்தக் கிளையைப் பாருங்க. தூக்குச் சட்டி மாட்டி மாட்டித் தேஞ்சிருக்கு. எத்தனை வருஷமா நான் மாட்டின கிளை எனக்குத் தெரியாதா?"

கிளையில் தேய்மானம் இருந்தது நிஜம். மரத்தடியில் கொஞ்சம் தோண்டியதும் ஒரு வரப்பும் தட்டுப்பட்டது. "பாத்தீங்களா?" என்றாள் சின்னவள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். மரத்திலிருந்து கிழக்கு நோக்கி வெட்ட ஆரம்பித்தார்கள்.

வேலை இதுதான். முதலில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒரு பட்டை. அதன் மேல் கிடக்கும் மணலைக் கூடையில் வாரிச் சுமந்து வயலுக்கு வெளியே கொட்ட வேண்டும். அடியில் கறுப்பு மண் தெரியும். அதையும் வெட்டி எடுத்து மரத்தடியில் தனியாகக் குவித்து வைக்க வேண்டும். இப்போது ஒரு பள்ளம் கிடைத்துவிட்டது. அடுத்த பட்டையின் மணலை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளி, அந்தப் பட்டையின் கறுப்பு மண்ணை வெட்டி மணலுக்கு மேல் போட்டால், முதல் பட்டை மண்ணாகிவிடும். இரண்டாவது பட்டை பள்ளமாகிவிடும். இப்படியே போக வேண்டும். மணல் கீழே போகும், மண் மேலே வரும். கடைசிப் பட்டைக்கு மட்டும் மூட மண் இருக்காது. அதற்குத்தான் மரத்தடிக் குவியல்.

"பீரோவுல அடியில கிடக்கற துணியை மேல எடுத்து வைக்கற வேலைதானே" என்றாள் சின்னவள்.

"ஆமா. பீரோதான் கொஞ்சம் பெரிசு" என்றான் அவன்.

மண்வெட்டி மணலில் இறங்கும்போது சர்ரென்று ஒரு சத்தம். கறுப்பு மண்ணில் இறங்கும்போது சத்தம் அடங்கிக் கை கனக்கும். அந்தக் கனத்துக்காகவே சின்னவள் வெட்டினாள். மணலுக்கு அடியில் மூச்சுவிடாமல் கிடந்த மண் வெளியே வந்ததும் புளித்த வாடை அடித்தது. இரண்டு நாள் வெயில் பட்டதும் வாடை போய்ப் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பாள். உள்ளே செத்த வேர், வெந்துபோன புழு. ஒருநாள் உயிரோடு ஒரு மண்புழு வந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புருஷனிடம் காட்டினாள். பெற்ற பிள்ளையைக் காட்டுகிற முகம் அது. "சரி சரி, அதை விடு, அதுவாவது வேலை செய்யட்டும்" என்றான் அவன்.

மத்தியானம் சோறும் வெங்காயமும். எவ்வளவு கழுவினாலும் பல்லில் மணல் கடிபடும். அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவளுக்கு உள்ளங்கை வெடித்து, துணி சுற்றிக்கொண்டு வெட்டினாள். மழை வந்தால் நின்றுவிடும். வெயில் வந்தால் மணல் சுடும். மேட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "ஆறு செஞ்ச வேலையை நீங்க திருப்பிச் செய்யறீங்களா?" என்று கேலி செய்தார்கள். "அது ஒரே நாள்ல செஞ்சுது. அதுக்கு ஆள் அதிகம்" என்று சின்னவள் கத்திச் சொல்வாள். கொல்லைக்குத் திரும்பியதும் முகம்கூடக் கழுவாமல் நாற்றைத்தான் போய்ப் பார்ப்பாள். ஆறு இலை, எட்டு இலை என்று அது தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. தண்டு தடித்துவிட்டது. இனி தொட்டியில் வைத்தால் வேர் சுருண்டுகொள்ளும்.

இரண்டு பட்டை மிச்சம் இருக்கையில் சின்னவன், "குடோன்காரர் ஆள் அனுப்பிட்டார். ஒரு தடவை தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்று டவுனுக்குப் போனான். அவள் தனியாக வந்தாள். மரத்தடிக் குவியலைக் கடைசிப் பட்டைக்கு நகர்த்தி வைக்கலாம் என்று கூடையை நிரப்பினாள். நிறைந்த கூடையை ஒருத்தி இடுப்பு வரை தூக்கலாம். தலைக்கு ஏற்ற எதிரில் இன்னொரு ஆள் வேண்டும். இரண்டு தடவை முயன்று பார்த்தாள், முடியவில்லை. பாதியைக் கொட்டிவிட்டுப் பாதிக் கூடையாகச் சுமந்தாள். பாதிக் கூடை தலையில் சரியாக உட்காராது, கழுத்தை ஒரு பக்கம் இழுக்கும். நாலு நடை நடந்துவிட்டு அதை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தாள்.

மண்வெட்டி 'டங்' என்றது.

சரளையாக இருக்கும் என்று பக்கத்தில் வெட்டினாள். மறுபடி 'டங்'. குந்தி உட்கார்ந்து கையால் மணலை வாரினாள். கல்லின் தலை தெரிந்தது, தோள் தெரிந்தது. உளிபட்ட முகம், உச்சியில் குறுக்குக் கோடு. அதைச் சுற்றி இறுகிப்போன மண், புல்வேர் பின்னிய மண். வரப்பு. பக்கத்திலேயே ஒரு பெரிய குழி, அதில் அறுந்த வேர்கள். மரம் நின்ற இடம்.

ஆறு கொண்டுபோனது அவர்களுடைய மரம். மிச்சம் விட்டது பெரியவனுடைய மேற்குக் கரை மரம். இத்தனை நாள் அவர்கள் எழுப்பியது முழுவதும் பெரியவன் நிலம்.

சின்னவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. தண்ணித் தொட்டியைக் காட்டிக் காட்டி அவன் சொன்னான். கிளையைக் காட்டிக் காட்டி அவன் வாயை அடைத்தவள் அவள்தான். ஒரு சாண் வரப்பைத் தின்றுவிட்டார்கள் என்று ஊரைக் கூட்டியவள், இப்போது ஒரு வயலையே தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கொல்லையில் நாற்று நின்றது. கைதான் முதலில் யோசித்தது. ஒரு மண்வெட்டி மணலை அள்ளிக் கல்லின் மேல் போட்டாள். கல் மறைந்தது. எவ்வளவு சுலபம்! கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மண்டியிட்டு, போட்ட மணலை உள்ளங்கையால் துடைத்துத் தள்ளினாள்.

துடைக்கும்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. கல்லுக்கு மேற்கே வரப்பு முழுசாக இருந்தது. சரிவு, புல்வேர், எல்லாம் பழைய ஒழுங்கில். கல்லுக்குக் கிழக்கே, அவர்கள் பக்கத்தில், வரப்பே இல்லை. கத்தியால் வெட்டிய கேக் மாதிரி மிச்ச வரப்பு கல்லோடு நேராக நின்றது.

சின்னவன் திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தூரத்திலிருந்தே, "முடிஞ்சுதா?" என்றான். அவள் கல்லைக் கை காட்டினாள். பக்கத்தில் வந்து பள்ளத்தைப் பார்த்தான். பிறகு தண்ணித் தொட்டியைப் பார்த்தான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான்.

"சொன்னீங்க. கேக்காதது என் தப்பு. என் வாயில மண்ணு. ஆனா இதை நீங்க சொல்லலையே." வெட்டுப்பட்ட பக்கத்தில் கையை வைத்தாள். "இது யாரு வெட்டினது?"

"வருஷா வருஷம் புல்லு செதுக்குவோம்ல…"

"புல்லு செதுக்கினா கல்லு வரைக்கும் வருமா?"

அவன் செருப்பால் மணலைத் தள்ளினான். "மண்வெட்டி கையில இருந்தா சும்மா இருக்குமா? ஒரு தடவைக்கு ஒரு விரல். அண்ணனும் அந்தப் பக்கம் செய்வான்னு நினைச்சேன்."

"அவர் செய்யலை."

"செய்யலை போல."

"நான் அவங்க வாசல்ல நின்னு கத்தறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ளதான் இருந்தேன்."

"காது?"

"காதும் உள்ளதான் இருந்துது."

வேறு சமயமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். "இங்க பாரு. ரெண்டு கூடை மணலைப் போட்டா கல்லு போச்சு. அண்ணன் வயலுக்கே வரதில்லை. ஒரே ஒரு போகம். நடுவோம், பறிப்போம், அப்புறம் சொல்லிக்கலாம்."

"அப்புறம் சொல்றதுக்குப் பேரு சொல்றதா?"

"அப்ப பூட்டு. திங்கக்கிழமை வரேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன்."

"மூடவும் மாட்டேன், பூட்டவும் மாட்டேன்."

"பின்னே?"

"போய்ச் சொல்லப் போறேன். அடிச்சாங்கன்னா அடி வாங்கிட்டு வரேன். நீங்க கூட வர வேண்டாம். உங்க காது உள்ளேயே இருக்கட்டும்."

அவன் பள்ளத்தின் ஓரத்தில் மண்ணு மாதிரி நின்றான்.

பெரியவளின் வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. சமையலறையில் பெரியவள் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளத்தில் நனைந்த மூட்டை; அலசிக் காயப்போட்டாலும் மண் முழுசாகப் போகவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப் போட்ட மண்கட்டிகள். நிமிர்ந்து பார்த்தாள். நீட்டிய காலை மட்டும் மடக்கிக்கொண்டாள். உள்ளறையில் இருமல் கேட்டது.

சின்னவள் எதிரில் உட்கார்ந்தாள். முறத்தின் ஓரத்திலிருந்து ஒரு மண்கட்டியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு இன்னொன்று.

"என்னடி, வயலுல பொறுக்கினது பத்தாதா?" என்றாள் பெரியவள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. அரிசியைப் பாத்துக்கிட்டே சொல்லு. கல்லை விட்டுட்டு அரிசியைப் போடாதே."

"நாங்க எழுப்பினது உங்க நிலம்."

பெரியவளின் கை நின்றது.

"மரத்தை மாத்திப் பாத்துட்டேன். எங்க மரம் போயிடுச்சு. நிக்கறது உங்க மரம். அவர் சொன்னார், நான்தான் கேக்கலை. இன்னிக்குத்தான் கல்லு வந்துது."

"அந்தச் சாஞ்ச மரமா? தூக்குச் சட்டி மாட்டற கிளை இருக்குமே?"

"அதைப் பாத்துத்தான் நம்பினேன்."

"அது நான் மாட்டற கிளைடி."

"தெரியுதுக்கா. இப்பத் தெரியுது."

பெரியவள் மறுபடி அரிசியைக் கிளற ஆரம்பித்தாள். விரல்கள் வேகமாக ஓடின. சின்னவள் அதோடு எழுந்திருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஆனால் அரை உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதற்கு அவள் கூச்சப்பட்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. வரப்பு. உங்க பக்கம் அப்படியே இருக்கு. எங்க பக்கம்தான் கல்லு வரைக்கும் வெட்டியிருக்கு. நான் உங்க வாசல்ல நின்னு பேசினது அத்தனையும் பொய். தெரியாம பேசினேன், ஆனா பொய்தான்."

உள்ளறையில் இருமல் நின்றுவிட்டது. பெரியவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு உள்ள வந்து நான் சாப்பிடலை. தெரியுமா உனக்கு? உங்க பெரியவர் வரப்புல கால்கூட அழுத்தி வைக்க மாட்டார். தம்பி வரப்பு, இடிஞ்சுடும்பார். அவரைப் போய்த் திருடன்னு தெருவுல வச்சுச் சொன்னே."

"சொன்னேன்."

"நானும் சும்மாவா இருந்தேன்? மண்ணு விழட்டும்னேன். விழுந்துடுச்சு. எனக்கு அந்த ஆத்தைப் பாக்கவே பயமா இருக்கு. நான் சொன்னதாலதான் வந்துதோன்னு தூக்கமே வரதில்லை."

"அக்கா, நீங்க சொன்னா ஆறு கேக்குமா? உங்க பேச்சை உங்க வீட்டுப் பூனைகூடக் கேக்காது."

பெரியவள் அவளை முறைத்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பை அடக்குவதற்குள் மூக்கிலிருந்து நீர் வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று குரல் மாறியது.

"எவ்வளவு எழுப்பியிருக்கே?"

"மரத்துல இருந்து கல்லு வரைக்கும். அகலம் நம்ம நாலு ரூம் அளவு இருக்கும்."

"நாத்து?"

"பதம் வந்தாச்சு. இந்த வாரம் நடலைன்னா வீண்."

"உன் புருஷன் டவுனுக்குப் போறான்னு சொன்னாங்களே?"

"நடலைன்னா போவார். நானும் போகணும். வாக்கு கொடுத்துட்டேன்."

பெரியவள் எழுந்து முறத்தை ஆணியில் மாட்டினாள். கிண்ணத்தில் இருந்த மண்ணைக் கொல்லையில் வீசினாள். உள்ளறை வாசலில் நின்று, "காலையில வயலுக்குப் போறேன்" என்றாள். "வரப்பைச் சரியாப் போடச் சொல்லப் போறேன்" என்று சேர்த்துக்கொண்டாள். கட்டில் கிறீச்சிட்டது.

மறுநாள் காலையில் சின்னவள் போவதற்கு முன்பே பெரியவள் வயலில் நின்றிருந்தாள். எழுப்பிய மண்ணின் மேல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தாள். குனிந்து ஒரு பிடி எடுத்து நசுக்கினாள். தன் நிலத்தை அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. பிறகு கல்லுக்குப் போனாள். வெட்டுப்பட்ட பக்கத்தைக் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, மண்வெட்டியோடு தயங்கி நின்ற கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தாள்.

"வாய்யா, வரப்புத்தின்னி" என்றாள். அந்தப் பெயர் அவனுக்கு அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. "முதல்ல வரப்பு. கல்லு நடுவுல இருக்கணும். இந்தப் பக்கம் எவ்வளவு இருக்கோ அந்தப் பக்கமும் அவ்வளவு. அதுக்கு அப்புறம்தான் நாத்தைப் பத்திப் பேச்சு."

"சரி, அண்ணி."

"நாத்துல பாதி எனக்கு. மண்ணுல பாதி உங்களுக்கு, இந்த ஒரு போகத்துக்கு மட்டும். சும்மா தூக்கிக் குடுத்தேன்னு நாளைக்கு உன் பொண்டாட்டி பெருமையாப் பேசக் கூடாது, பிச்சை வாங்கினேன்னு அழவும் கூடாது. நட்டு முடிச்ச கையோட கல்லுக்கு அந்தாண்ட இறங்குங்க. உங்க மண்ணு இன்னும் அடியிலதான் கிடக்கு. நானும் வரேன். கைமாத்துக் கை, நீங்க எனக்கு வெட்டினீங்க, நான் உங்களுக்கு வெட்டறேன்."

"திங்கக்கிழமை குடோன்ல…" என்று ஆரம்பித்தான் சின்னவன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். "சொல்லி விட்டுடறேன். வரலைன்னு" என்று முடித்தான்.

கயிறு கட்டினார்கள். வரப்புக்கு மண் வேண்டும். சின்னவள் தன் பக்கத்து மணலைத் தோண்ட இறங்கினாள்.

"அதைத் தோண்டி எப்ப எடுப்பே? மரத்தடியில குவிச்சு வச்சிருக்கியே, அதைப் போடு" என்றாள் பெரியவள்.

"அது உங்க மண்ணுக்கா. எங்க பக்கத்து வரப்புக்கு…"

"கடன். உன் மண்ணு மேல வந்ததும் திருப்பிக் குடு. கூடைக்குக் கூடை. எண்ணிக்கிட்டுத்தான் இருப்பேன்."

சின்னவள் கூடையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். தலைக்குத் துணியைச் சுருட்டி வைத்தாள். மண்வெட்டியால் நாலு வெட்டு அள்ளிப் போட்டு, பாதியில் நிறுத்தினாள். இத்தனை நாள் பழக்கம். பெரியவள் பின்னாலேயே வந்து, மண்வெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கி, கூடை விளிம்பு தெரியாத அளவுக்கு அள்ளிப் போட்டாள். குனிந்து ஒரு பக்க விளிம்பைப் பிடித்தாள். சின்னவள் மறுபக்கம் பிடித்தாள். இடுப்பு வரை வந்தது, நெஞ்சு வரை வந்தது. ஒரே மூச்சில் இருவரும் தூக்க, கூடை சின்னவளின் தலையில் ஏறி உட்கார்ந்தது. ஈர மண் இரண்டு மூன்று துளி அவள் நெற்றியில் உதிர்ந்தது.

"மண்ணு உன் தலையில விழட்டும்னு சொன்னேன்ல?" என்றாள் பெரியவள். விளிம்பிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை. "இந்தா."

சின்னவளின் கண் கலங்கிவிட்டது. கூடையைப் பிடித்திருந்ததால் துடைக்கக் கை இல்லை. கழுத்தை நிமிர்த்தினாள். நிறைந்த கூடை ஒரு பக்கமும் சாயாமல் நேராக நின்றது.

"இன்னும் ரெண்டு வெட்டு போடுக்கா. பாதிக் கூடையாச் சுமந்து சுமந்து கழுத்தே கோணிப் போச்சு."